சுருக்குக் கயிறும் ஞாயிற்றுக்கிழமைப் பத்தியும்

1922 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1935 ஆகஸ்டு வரை, அமெரிக்க நாளிதழ்களின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில் ஒரு நகைச்சுவை நடிகரின் பத்தி வந்துகொண்டிருந்தது. எழுதியவர் வில் ரோஜர்ஸ். எண்ணிப் பார்த்தால் 600 கட்டுரைகளைத் தாண்டும். அந்த வாரம் அவர் எங்கே போனார், யாரைச் சந்தித்தார், எதைக் கண்டு வாய்பிளந்தார், எதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார், வழியில் போகும் வாசகர் எந்த இடத்தை எட்டிப் பார்க்காமல் வரக்கூடாது என்பவையே அதன் சரக்கு. சிரிக்க வைப்பவர்கள் வாரம் ஒருமுறை தமக்குப் பிடித்ததைப் பொறுக்கி எடுத்து மற்றவர்களுக்குக் காட்டும் வழக்கம் இன்று சாதாரணமாகிவிட்டது. செய்தித்தாள் ஒன்றுதான் வீட்டுக்குள் வரும் உலகம் என்றிருந்த காலத்தில் அதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்களில் ரோஜர்ஸ் முக்கியமானவர்.

ரோஜர்ஸ் 1879 நவம்பர் 4 அன்று பிறந்தார். பிறந்த இடம் ஊலகா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பண்ணை வீடு. ஓக்லஹோமா என்ற மாநிலம் அப்போது உருவாகவில்லை. அந்த நிலம் செரோக்கி பழங்குடியினரின் நாடு. தாய், தந்தை இருவருமே செரோக்கி வம்சாவளி. தந்தை கிளெமென்ட் ரோஜர்ஸ் மாடு வளர்ப்பில் பெரும் செல்வர். செரோக்கி ஆட்சிமன்றத்தில் உறுப்பினராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். 1907இல் மாநிலமான ஓக்லஹோமாவின் அரசியல் சட்டத்தை எழுதிய மாநாட்டிலும் உட்கார்ந்தவர். அங்கே இன்றுள்ள ரோஜர்ஸ் கவுண்டி மகன் பெயரால் வந்தது என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் அது அப்பாவின் பெயர். ஆங்கிலேயக் குடியேறிகளைக் கொண்டுவந்த மேஃப்ளவர் கப்பலில் வந்திறங்கிய குடும்பம் எங்களுடையது என்று யாராவது பெருமை பேசினால், என் முன்னோர் அந்தக் கப்பலில் வரவில்லை, கரையில் நின்று வரவேற்றவர்கள் என்பார் ரோஜர்ஸ். மண்ணின் பழைய குடி. ஆனால் அந்த மண்ணை ஆள்பவர்களுக்கு வேற்றாள். பின்னாளில் வாஷிங்டனையும் நியூயார்க்கையும் சற்றுத் தள்ளி நின்று பார்க்க முடிந்ததற்கு இந்தப் பிறப்பே பாதிக் காரணம்.

பத்து வயதில் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு ஒட்டவில்லை. மிசௌரியில் சேர்த்துவிட்ட ராணுவப் பள்ளியிலிருந்து 1898இல் ஓடிப்போனார். ஒட்டியது கயிறு. அப்பாவின் பண்ணையில் வேலை பார்த்த டான் வாக்கர் என்ற கறுப்பின மாட்டுக்காரர் சிறுவனுக்குச் சுருக்குக் கயிறு வீசக் கற்றுக்கொடுத்தார். 1902இல் ஒரு நண்பனுடன் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார். அங்கிருந்த மாட்டுக்காரர்களின் கைவேகத்துக்கு முன்னால் தன் வித்தை செல்லாது என்று தெரிந்தது. கால்நடை ஏற்றிய கப்பலில் அவற்றைக் கவனிக்கும் வேலை பார்த்தபடியே தென்னாப்பிரிக்கா போய்ச் சேர்ந்தார். டெக்சாஸ் ஜாக் நடத்திய சர்க்கஸில் 'செரோக்கி கிட்' என்ற பெயரில் கயிறு வீசினார். பிறகு ஆஸ்திரேலியாவில் வர்த் சகோதரர்களின் சர்க்கஸ். 1904இல் ஊர் திரும்பியபோது, இருபத்தைந்து வயதுக்குள் உலகை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார். வெளிநாட்டுப் பயணம் அமெரிக்கருக்கு அரிதாக இருந்த காலம் அது.

1905இல் நியூயார்க்கின் வாடவில் மேடைகள் அவரைச் சேர்த்துக்கொண்டன. பாட்டு, மாயாஜாலம், நாய் வித்தை, குரங்கு வித்தை என்று துண்டு துண்டாக நிகழ்ச்சிகள் வரும் பல்சுவை அரங்குகள் அவை. ரோஜர்ஸ் தன் குதிரை டெடியை மேடைக்கே கொண்டுவந்தார்; பலகையில் வழுக்காமல் இருக்க அதன் குளம்புகளுக்குக் கம்பளிப் பாதம் வைத்த காலணிகள் மாட்டப்பட்டன. ஒரே நேரத்தில் மூன்று கயிறுகளை வீசி, ஒன்று குதிரையின் கழுத்தில், ஒன்று சவாரி செய்பவரைச் சுற்றி, ஒன்று குதிரையின் நான்கு கால்களையும் சேர்த்து விழச் செய்வது அவருடைய உச்ச வித்தை. ஆரம்பத்தில் அவர் மேடையில் வாய் திறந்ததே இல்லை. ஒருமுறை அடுத்த வித்தை என்ன என்று விளக்குவதற்காக நான்கு வார்த்தை பேசினார். அந்த இழுப்பான மேற்கத்தியப் பேச்சைக் கேட்டு அரங்கம் சிரித்தது. அவமானமாகிவிட்டது என்று கோபித்துக்கொண்டு உள்ளே போனவரை, சக கலைஞர்கள்தான் சமாதானப்படுத்தினார்கள்: சிரித்தால் நல்லது, பேசு. கயிறு தவறினால் அந்தத் தவற்றையே பேச்சாக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

பேச்சு முழுநேரத் தொழிலானது 1915இல். பிராட்வே முதலாளி ஃப்ளோரன்ஸ் சீக்ஃபெல்ட், நியூ ஆம்ஸ்டர்டாம் தியேட்டரின் மொட்டைமாடியில் நள்ளிரவுக் காட்சி ஒன்று நடத்திவந்தார். ஊர் ஊராகப் போகும் வாடவில் கலைஞருக்கு ஒரே நகைச்சுவை ஒரு வருடம் ஓடும். ஊர் மாறுகிறது, ஆள் மாறுகிறது. மொட்டைமாடிக்கோ அதே பணக்காரக் கூட்டம் திரும்பத் திரும்ப வந்தது. நேற்று சிரித்தவனே இன்றும் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் நேற்றைய சரக்கு செல்லாக்காசு. இந்த நெருக்கடிக்கு வழி சொன்னவர் மனைவி பெட்டி. ஓய்வு கிடைத்தால் ரோஜர்ஸ் செய்தித்தாளும் கையுமாக இருப்பார். படித்ததையே மேடையில் பேசினால் என்ன என்றார் பெட்டி. அன்று மாலைப் பதிப்பில் வந்தது அன்று நள்ளிரவில் மேடை ஏறியது. அடுத்த ஆண்டு ஃபாலீஸ் என்ற பெரிய காட்சிக்கு உயர்த்தப்பட்டார். அதே 1916இல் பால்டிமோர் நகரில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் பார்வையாளராக உட்கார்ந்திருக்க, மெக்சிகோவுக்குள் புரட்சிக்காரர் பாஞ்சோ வில்லாவைத் துரத்திப்போன அமெரிக்கப் படையின் திண்டாட்டத்தைக் கேலி செய்தார். முன்னால் தலைவரை வைத்துக்கொண்டு அவருடைய அரசாங்கத்தையே கிண்டல் செய்வது அன்றைக்குப் புதுமை. கைகால் நடுங்கத்தான் மேடை ஏறினார். வில்சன் சிரித்தார். கதவு திறந்துகொண்டது.

செய்தித்தாளைப் படித்துவிட்டு மேடையில் பேசுபவர் செய்தித்தாளிலேயே எழுதத் தொடங்கியது ஆறு வருடம் கழித்து. 1922இல் தொடங்கப்பட்ட மெக்னாட் சிண்டிகேட் அவரை ஒப்பந்தம் செய்தது. சிண்டிகேட் என்பது எழுத்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் வியாபாரம். ஒரு கட்டுரை, அதைப் பல நகரங்களின் பத்திரிகைகள் தனித்தனியே விலைகொடுத்து ஒரே நாளில் வெளியிடும். நியூயார்க் டைம்ஸ் போன்ற கனமான பத்திரிகையும், பருத்தி விலையும் இறப்புச் செய்தியும் போடும் சிற்றூர்த் தாளும் ஒரே ரோஜர்ஸை அச்சிட்டன. எந்த ஒரு முதலாளிக்கும் கட்டுப்படாத நிலையை இந்த ஏற்பாடு தந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் ஊர்ப் பத்திரிகைக்குக் கோபம் வந்து நிறுத்தினாலும் மற்ற ஊர்களில் பத்தி ஓடும்.

நடையில் அவர் எந்த வித்தையும் காட்டவில்லை, அல்லது அப்படித் தோன்றும்படி எழுதினார். பள்ளியில் விட்ட எழுத்துக்கூட்டல் பத்தியிலும் விட்டபடியே இருந்தது. நிறுத்தக்குறிகள் இஷ்டத்துக்கு வரும். பெரிய எழுத்துகள் காரணமில்லாமல் தலைகாட்டும். தனக்குத் தெரிந்ததெல்லாம் பேப்பரில் படித்தது மட்டும்தான் என்ற பொருளில் ஒரு வாசகத்தைப் பல வாரங்கள் தொடக்கமாக வைத்தார். படித்தவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்த ஒரு வாசகம் செய்த வேலை பெரிது. எழுதுபவனும் படிப்பவனும் ஒரே தாளைக் கையில் வைத்திருக்கிறார்கள். எழுதுபவனுக்குத் தனி ஞானம் ஒன்றும் இல்லை. திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தாளை மடித்துவைத்துவிட்டுப் பேசுகிற தொனி அது. பிழைகள் எல்லாம் அறியாமையால் வந்தவை அல்ல, சில வேண்டுமென்றே வைத்தவை என்று கருத இடமுண்டு. 1924இல் பத்திகளைத் தொகுத்து நூலாக்கியபோது, லிட்டரரி டைஜஸ்ட் என்ற மதிப்புமிக்க வார இதழின் பெயரைப் புரட்டி 'இல்லிட்டரேட் டைஜஸ்ட்', அதாவது எழுத்தறியாதார் திரட்டு, என்று தலைப்பு வைத்தவர் தன் பிழைகளின் விலை தெரியாதவராக இருந்திருக்க முடியாது.

முதல் சில வருடங்களில் வாரப் பத்தி பெரும்பாலும் அரசியல் கேலி. அதை மாற்றியது 1926ஆம் ஆண்டின் ஒரு தற்செயல். அந்த ஜூலையில் லண்டனில் இருந்த ரோஜர்ஸ், பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரான ஆஸ்டர் சீமாட்டி அமெரிக்கா வருகிறார், நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று நியூயார்க் டைம்ஸுக்குச் சில வரிகளில் ஒரு கடல்தந்தி அனுப்பினார். பத்திரிகை அதை அச்சிட்டது. இன்னும் அனுப்புங்கள் என்றது. அந்தத் தந்திகள் விரைவிலேயே சிண்டிகேட் மூலம் நாள்தோறும் வரத் தொடங்கின. ஒரே ஒரு பாரா நீளம், கீழே அவர் பெயர், அவ்வளவுதான். சாகும்வரை 2,800க்கும் மேற்பட்டவை வெளிவந்தன.

நாள்தோறும் தந்தி வரத் தொடங்கிய பிறகு வாரப் பத்திக்கு வேலை மாறியது. அன்றன்றைய செய்தியைக் கடிப்பதற்குத் தந்தி இருந்தது. வாரப் பத்தியோ சில நாள் முன்பே தட்டச்சு செய்து, சிண்டிகேட் அலுவலகம் போய், அங்கிருந்து பத்திரிகைகளுக்குத் தபாலில் போய்ச் சேர வேண்டும். சூடான செய்தி அதற்குள் ஆறிவிடும். ஆறாதவை மட்டுமே அங்கே பிழைக்கும். ஆகவே ஒரு மனிதர், ஓர் இடம், ஒரு பழைய நண்பரின் தொழில், ஒரு பண்ணையில் கேட்ட கதை என்று பத்தி நிதானமாக அகன்றது. கேலிக்காரர் சுட்டிக்காட்டுபவராக மாறியதற்கு ஆன்மிகக் காரணம் தேடத் தேவையில்லை. தபால் ஓடும் வேகமே போதுமான காரணம். ரோஜர்ஸைப் பற்றிப் பேசுபவர்கள் நறுக்கென்ற தந்திகளையே எடுத்துக்காட்டுவது வழக்கம், ஏனென்றால் அவை மேற்கோளுக்கு வசதியானவை. ஆளைத் தெரிந்துகொள்ள வாரப் பத்திகள்தான் உதவும்.

அவர் எவற்றைச் சுட்டினார் என்பதற்கு நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகைகள் நல்ல உதாரணம். 1930இல்தான் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1931இல் ரோஜர்ஸ் போய்ப் பார்த்தார். பூமிக்கடியில் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் சுண்ணாம்புப் பாறையில் உருவான மண்டபங்கள். அவற்றில் பெரியதற்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குக் கூரை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அளவுகளை அடுக்கினால் வாசகர் கொட்டாவி விடுவார். கிராண்ட் கேன்யனுக்குக் கூரை போட்டால் எப்படியிருக்கும், அதுதான் இது என்றார் ரோஜர்ஸ். கேன்யன் என்ற பள்ளத்தாக்கின் படத்தையாவது பார்க்காத அமெரிக்கர் இல்லை. தெரிந்ததன்மேல் தெரியாததை ஏற்றிவைத்ததும் குகை கண்முன் வந்துவிட்டது. உவமை சொல்பவருக்கு இதைவிடக் கச்சிதமான பாடம் கிடைப்பது கடினம்.

மனிதர்களைக் காட்டும்போது வேறு முறை. மேற்கத்திய மாட்டுக்காரர் வாழ்க்கையை ஓவியமாகவும் சிற்பமாகவும் ஆக்கிய சார்லஸ் ரசல் அவருடைய நெடுநாள் நண்பர். ஓவியத்தின் வண்ணத்தைப் பற்றி ரோஜர்ஸ் பெரிதாகப் பேசியதில்லை. கதை சொல்வதில் ரசலுக்கு நிகர் இல்லை என்பதையே பேசினார். 1926இல் ரசல் இறந்து, அவர் கதைகள் அடுத்த ஆண்டு நூலானபோது முன்னுரை எழுதியவரும் ரோஜர்ஸே. 1925 மே மாதம் அக்கா மாட் இறந்தபோது, ஓக்லஹோமாவின் செல்சி என்ற சிற்றூரில் நடந்த சவ அடக்கத்தைப் பற்றியே அந்த வாரப் பத்தியை எழுதினார். துக்க வீட்டுக்குத் தட்டுத் தட்டாகச் சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தார், கறுப்பர் வெள்ளையர் என்ற வேறுபாடின்றி வந்து நின்றவர்கள், தன்னைப் பிரபலமான நடிகர் என்று பார்க்காமல் மாட் அக்காவின் தம்பி என்று மட்டுமே பார்த்த ஊர். சிரிப்புக்காகக் காசு கொடுத்த பத்திரிகைகளுக்குச் சிரிப்பே இல்லாத கட்டுரை போனது. எதிர்பார்த்தது கிடைக்காத வாரத்தில்தான் வாசகர் எழுத்தாளரை நம்பத் தொடங்குகிறார் என்பதற்கு இது சான்று. இரண்டு வருடம் கழித்துப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை செய்துகொண்டார். அந்தக் கட்டிலையும் மயக்கமருந்தையும் எழுதி எழுதி, அது ஒரு சிறு நூலாகவே விரிந்தது. சொந்த வயிற்றுவலியிலும் வாசகருக்கு ஒரு பங்கு இருந்தது.

விற்பனைக்குச் சிபாரிசு செய்வது இதிலிருந்து வேறு. அதையும் அவர் செய்திருக்கிறார். 1920களின் நடுவில் புல் டர்ஹாம் புகையிலை நிறுவனத்துக்காக வரிசையாக விளம்பரங்கள் எழுதினார். நகைச்சுவைக் கட்டுரை போலவே தொடங்கி, கடைசியில் புகையிலையின் பெயரில் வந்து நிற்கும். அவற்றிலேயே, தான் இந்தப் புகையிலையைப் பிடிப்பவன் அல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். பணம் கொடுத்தவர்களும் அதை அச்சிட்டார்கள். இன்றைய சிபாரிசுப் பட்டியல்களில் எது சொந்த விருப்பம், எது கூலிக்குச் சொன்னது என்று வாசகர் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருப்பதை நினைத்தால், அந்த விளம்பரங்கள் வேடிக்கையாகவும் இருக்கின்றன, சற்றுப் பொறாமையாகவும் இருக்கின்றன.

பத்து வருடம் ஓயாமல் அவர் சிபாரிசு செய்த ஒரே பொருள் விமானம். 1925இல் வாஷிங்டனில் அவரை வானத்தில் ஏற்றிக்கொண்டு போனவர் பில்லி மிட்சல். விமானப்படையின் தேவையை உரக்கச் சொல்லி மேலதிகாரிகளின் பகையைத் தேடிக்கொண்டு, அதே ஆண்டின் முடிவில் ராணுவ விசாரணைக்கு ஆளான அதிகாரி அவர். ரோஜர்ஸ் அவர் பக்கம் நின்று எழுதினார். அதற்குப் பிறகு ரயிலைவிட விமானமே அவருக்குப் பழக்கம். பயணிகள் சேவை சரியாக உருவாகாத நாட்களில் தபால் விமானங்களில், மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்து, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனார். 1927இல் அட்லாண்டிக்கைத் தனியே தாண்டிய லிண்ட்பெர்க்கும், 1933இல் எட்டு நாளுக்குள் உலகைத் தனியே சுற்றிய ஒற்றைக் கண் விமானி வைலி போஸ்டும் அவருக்கு நண்பர்கள். அன்றைக்கு விமானம் என்றால் பொதுமக்களுக்குச் சர்க்கஸ் சாகசம், அல்லது சாவு. ஒரு நடுத்தர வயதுக் குடும்பஸ்தர், அதுவும் நாடறிந்த நடிகர், வாராவாரம் ஏறி இறங்கி அதில் தூங்கினேன், சாப்பிட்டேன், கீழே கோதுமை வயல் பார்த்தேன் என்று அலுப்பில்லாமல் எழுதியது அந்தப் பயத்தைக் குறைத்தது. பத்தியால் நாட்டில் நேர்ந்த மாற்றம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

துயர் துடைப்பு வேலையில் பத்தியும் ஆளும் சேர்ந்தே போனார்கள். 1927இல் மிசிசிப்பி பெருவெள்ளத்துக்காக நிதி திரட்டும் காட்சிகள் நடத்தினார். 1931 ஜனவரியில் ஆர்கன்சா மாநிலத்தில், இங்கிலாந்து என்றே பெயர்கொண்ட சிற்றூரில், வறட்சியில் பட்டினி கிடந்த விவசாயிகள் கடைத்தெருவுக்குத் திரண்டுவந்து உணவு கேட்டார்கள். செய்தியைப் படித்ததோடு ரோஜர்ஸ் நிற்கவில்லை. வாஷிங்டன் போய்க் குடியரசுத் தலைவர் ஹூவரைப் பார்த்தார். அரசு நேரடியாகச் சோறுபோடுவதில் ஹூவருக்கு உடன்பாடு இல்லை. விமானி ஃபிராங்க் ஹாக்ஸுடன் ஆர்கன்சா, ஓக்லஹோமா, டெக்சாஸ் மாநிலங்களில் ஊர் ஊராக இறங்கிக் காட்சி நடத்தி, 2 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டிக்கொடுத்தார். பார்த்து வந்தவற்றைப் பத்தியிலும் எழுதினார். கோதுமை விலைபோகாமல் குவிந்துகிடக்கும் நாட்டில் பட்டினி எப்படி வந்தது என்ற அவருடைய கேள்வியில் கேலி குறைவு.

அவருடைய பலமே அவரைத் தவறிலும் தள்ளியது. 1926இல் ரஷ்யா போய் வந்தபோது புரட்சித் தலைவர்களில் ஒருவரான ட்ரொட்ஸ்கியைச் சந்திக்க முடியவில்லை. சந்தித்திருந்தால் அவரும் நல்ல மனிதராகவே தெரிந்திருப்பார், ஏனென்றால் சந்தித்துப் பிடிக்காமல் போன ஆள் தனக்கு இதுவரை இல்லை என்று எழுதினார். அவருடைய மிகப் புகழ்பெற்ற வாசகம் பிறந்த இடம் அதுதான். இப்போது கல்லில் பொறித்திருப்பதைப் படிக்கும்போது அந்தச் சூழல் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. அதே பயணத்தில் ரோமில் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியைப் பேட்டி கண்டார். முசோலினி சிரித்துப் பேசினார், கலகலப்பாக இருந்தார், ரோஜர்ஸுக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் புகழ்ந்தே எழுதினார். எதிர்க்கட்சியும் பத்திரிகையும் அங்கே நசுக்கப்பட்டுக்கொண்டிருந்தது அந்த முகத்தில் தெரியவில்லை. நேரில் போய்ப் பார்த்ததை மட்டும் சொல்வது என்ற நேர்மைக்கு எல்லை இங்கே வருகிறது: கண்ணுக்குக் காட்டப்படுவதைத்தான் கண் பார்க்கும். குகை யாரையும் ஏமாற்றாது; சர்வாதிகாரி ஏமாற்றுவார். 1934 ஜனவரியில் வானொலியில் ஒரு பாட்டைப் பற்றிப் பேசுகையில், கறுப்பின மக்களைக் குறிக்கும் இழிசொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நாடெங்குமிருந்து கண்டனம் வந்தது. செல்சி ஊர்ச் சவ அடக்கத்தைப் பற்றி எழுதிய அதே மனிதர்தான்.

வானொலி, சினிமா இரண்டிலும் அவர் எட்டிய உயரம் தனிக் கதை. இங்கே தொட்டுச் செல்லப் போதும். பேசாப்படத்தில் சுமாராக ஓடியவர், பேசும்படம் வந்ததும் உச்ச நட்சத்திரமானார். வந்த லாபம் அந்த இழுப்பான குரலால். 1933 முதல் ஞாயிறு மாலைகளில் கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் வானொலி நிகழ்ச்சியில் பேசினார். நேரத்துக்குள் முடிக்கத் தெரியாததால் ஓர் அலாரம் கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார். மணி அடித்தால் பேச்சு எங்கிருந்தாலும் அங்கேயே நிற்கும். அதே 1933 மார்ச்சில், வங்கிகள் நாடெங்கும் மூடிக்கிடந்தபோது, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வானொலியில் மக்களிடம் நிலைமையை விளக்கினார். வங்கித் தொழில் என்ற புரியாத விஷயத்தை எல்லோருக்கும், வங்கிக்காரர்களுக்குமே கூடப் புரியும்படி தலைவர் சொல்லிவிட்டார் என்று மறுநாள் தந்தியில் ரோஜர்ஸ் பாராட்டினார். சினிமாவில் நடிக்கும்போதும் பத்தி நிற்கவில்லை. படப்பிடிப்புத் தளத்தின் ஓரத்தில் அவருடைய கார் நிற்கும். ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் அதற்குள் உட்கார்ந்து, தட்டச்சுப் பொறியை வைத்துக்கொண்டு தட்டுவார்.

1935 ஆகஸ்டில் வைலி போஸ்டுடன் அலாஸ்காவுக்குப் பறந்தார். போஸ்டின் விமானம் வெவ்வேறு இரண்டு லாக்ஹீட் விமானங்களின் பாகங்களை ஒட்டுப்போட்டுச் செய்தது, நீரில் இறங்க மிதவைகள் மாட்டியிருந்தது, முன்பாரம் அதிகம். போகிற வழியெல்லாம் பத்திக்குச் சரக்கு. பொருளாதார மந்தநிலையில் நொடித்த விவசாயக் குடும்பங்கள் சுமார் 200ஐ மத்திய மேற்கு மாநிலங்களிலிருந்து அழைத்துவந்து அரசு குடியேற்றியிருந்த மட்டனஸ்கா பள்ளத்தாக்குக்குப் போனார், குடியேறியவர்களோடு பேசினார். அடுத்து வடகோடியில் உள்ள, அன்று பாரோ எனப்பட்ட ஊர். அங்கே அரை நூற்றாண்டாகத் திமிங்கில வேட்டையும் வியாபாரமுமாக வாழ்ந்துவந்த சார்லி பிரவரைச் சந்தித்துக் கதை கேட்க வேண்டும் என்பது திட்டம். ஆகஸ்டு 15 அன்று மூடுபனியில் வழி தெரியாமல், பாரோவுக்குப் பல மைல் தூரத்தில் ஒரு காயலில் இறங்கினார்கள். கரையில் கூடாரம் போட்டிருந்த இனுபியாட் பழங்குடியினரிடம் வழி கேட்டுக்கொண்டு மறுபடி கிளம்பியபோது எஞ்சின் நின்றது. விமானம் தலைகுப்புற ஆழமற்ற நீரில் விழுந்தது. இருவரும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். கூடாரத்தில் இருந்த கிளேர் ஒக்பீகா ஈரத் தரையில் பல மைல் ஓடிப்போய்ச் செய்தி சொன்னார். ரோஜர்ஸுக்கு வயது 55.

ஏற்கெனவே அனுப்பியிருந்த வாரப் பத்தி ஆகஸ்டு 18, ஞாயிறு அன்று வழக்கம்போல வெளிவந்தது. சிதைவுகளோடு அவருடைய கையடக்கத் தட்டச்சுப் பொறியும் எடுக்கப்பட்டது. 1938இல் ஓக்லஹோமாவின் கிளேர்மோர் நகரில் நினைவகம் திறக்கப்பட்டது. 1939இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில், சிற்பி ஜோ டேவிட்சன் வடித்த அவருடைய வெண்கலச் சிலை பிரதிநிதிகள் அவையின் வாயிலைப் பார்த்தபடி நிறுத்தப்பட்டது. தன் நகைச்சுவையை எழுதித்தருபவர்களே காங்கிரஸ் உறுப்பினர்கள்தான் என்று சொல்லிவந்தவருக்கு ஏற்ற இடம். கலிபோர்னியாவில் அவர் குடும்பத்துடன் வாழ்ந்த பண்ணை வீடு 1944 முதல் பொதுப் பூங்காவின் பகுதியாக இருந்தது. 2025 ஜனவரியில் பாலிசேட்ஸ் காட்டுத்தீயில் சாம்பலானது. வாரப் பத்திகள் அனைத்தையும் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் 1980 முதல் 1982 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. எழுத்துக்கூட்டலில் அவர் விட்ட பிழைகளைப் பதிப்பாசிரியர்கள் விட்டபடியே வைத்திருக்கிறார்கள்.